தாமதமாக விதைக்கும் கோதுமை: ரகமும் மணிச்சத்தும் முடிவு செய்யும் முறை

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் நெல் அறுத்த வயலில் டிசம்பரில் கோதுமை விதைப்பவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்டு நிறுவனம், வங்கி, உர நிறுவனம் என்று எந்த வழியாக அங்கே போயிருந்தாலும் சரி. நெல்லோடு வளர்ந்த நமக்குக் கோதுமை புதிது. அதிலும் தாமத விதைப்பில் தடுக்கி விழும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றேதான்.

தாமதப் பயிருக்குப் பற்றாக்குறை நாள்களில்தான். மார்ச் கடைசியில் வெயில் ஏறி, 'பச்சுவா' என்று அங்கே சொல்லும் மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் மணி நிரம்புவது நின்றுவிடும். விதைப்புத் தேதி பின்னால் தள்ளிப் போகலாம், அந்த வெயில் தேதி தள்ளிப் போகாது. குறுகிய காலத்தில் கதிர் தள்ளும் ரகம் சில நாள்களை மிச்சம் பிடித்துத் தரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த பயிர் மெதுவாக வளர்ந்து, கதிர் தள்ளவும் தாமதிக்கும். அதனால் ரகத்தையும் மணிச்சத்தையும் தனித்தனியாக யோசிக்க முடியாது. ஒன்றில் சேமித்த நாளை மற்றொன்றில் தொலைத்துவிடக் கூடாது.

தேவையானவை: மண் பரிசோதனை அட்டை, தாமத விதைப்புக்கான ரகத்தின் விதை, மணிச்சத்து உரம், உரப்பெட்டியும் உள்ள விதைப்புக் கருவி, ஒரு தராசு, ஒரு கயிறு. இவற்றில் விதையும் உரமும் நவம்பர் பாதிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். டிசம்பரில் தேடினால் கிடைப்பதை வாங்க வேண்டியிருக்கும்.

1. உண்மையான விதைப்புத் தேதியைக் கண்டுபிடியுங்கள்

விவசாயியிடம் எப்போது விதைப்பீர்கள் என்று கேட்டால், "நவம்பர் கடைசி" என்பார். அது அவருடைய ஆசை. தேதியை நீங்களே கணக்குப் போடுங்கள்.

வயலில் நிற்பது எந்த நெல்? பீகாரில் பல இடங்களில் சொர்ணா என்கிற எம்.டி.யு. 7029 நிற்கும். நம்மூர் வெள்ளைப் பொன்னி எந்த மஷூரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அதே மஷூரியைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்ட ரகம் அது. விதையிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 145 முதல் 150 நாள். மழை பிந்தி ஜூலைக் கடைசியில் நடவு போட்டிருந்தால் அறுவடை நவம்பர் கடைசிக்குப் போகும். அதோடு வைக்கோல் அகற்றும் நாள், வயல் காயும் நாள், டிராக்டருக்குக் காத்திருக்கும் நாள் மூன்றையும் கூட்டுங்கள். 'சௌர்' எனப்படும் தாழ்ந்த நிலமாக இருந்தால் தண்ணீர் வடியவே டிசம்பர் பாதி ஆகிவிடும்.

கிடைத்த தேதியை மூன்று கூடைகளில் ஒன்றில் போடுங்கள்: நவம்பர் இறுதி வரை உரிய காலம், டிசம்பர் 1 முதல் 25 வரை தாமதம், அதற்கு மேல் மிகத் தாமதம். அடுத்து வரும் ரகம், விதை அளவு, தழைச்சத்து (நைட்ரஜன்) எல்லாம் இதைப் பார்த்துத்தான் மாறும். உரிய காலம் தாண்டி ஒரு வாரம் தள்ளினால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை குவிண்டால் குறையும் என்று லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகக் கையேடு சொல்கிறது. கிழக்கில் குளிர்காலம் அதைவிடச் சுருக்கம். அங்கே இந்த விஷயத்தில் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

கணக்கில் ஜனவரி 10 தாண்டுகிறது என்றால் கோதுமையை விட்டுவிடச் சொல்வேன். நீர் வசதி இருந்தால் வசந்தகால மக்காச்சோளம் அல்லது பாசிப்பயறு அந்த நிலத்துக்கு மேல்.

நாள் சேமிக்க வழி உண்டா என்றால், ஒன்று உண்டு. நெல் அறுத்த ஈரத்திலேயே உழாமல் விதைக்கும் ஜீரோ டில் கருவி. உழுது, காயவிட்டு, திரும்ப உழும் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட காலம் இதில் மிச்சம். வயல் காய்ந்துவிட்டால் 'பலேவா' எனப்படும் விதைப்புக்கு முந்தைய பாசனம் தேவைப்படும். அதன்பின் களிமண் நிலம் பதத்துக்கு வர டிசம்பர் குளிரில் பத்து நாள்கூட ஆகும். ஆகவே அறுவடைக்கு முன் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் எப்போது நிறுத்துவது என்பதையும் கோதுமையை நினைத்தே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

2. மண் முடிவை நெல் நிற்கும்போதே வாங்குங்கள்

அறுவடைக்குப் பிறகு மண் எடுத்து அனுப்பினால் முடிவு வருவதற்குள் விதைப்பே முடிந்துவிடும். ஏற்கெனவே மண்வள அட்டை இருந்தால் அதன் தேதியையும் சர்வே எண்ணையும் பாருங்கள். பக்கத்து வயலின் அட்டையைக் காட்டுவது சாதாரணமாக நடக்கும்.

அட்டையில் 'கிடைக்கும் பாஸ்பரஸ்' என்ற வரி முக்கியம். கார மண்ணுக்குரிய ஓல்சன் முறையில் எக்டருக்கு 10 கிலோவுக்குக் கீழ் குறைவு, 10 முதல் 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். இது பாஸ்பரஸ் என்ற தனிமத்தின் கணக்கு. சில ஆய்வகங்கள் பாஸ்பரஸ் பென்டாக்சைடாக மாற்றி எழுதும். அப்போது எண் 2.29 மடங்கு பெரிதாகத் தெரியும். 20 என்று பார்த்து நடுத்தரம் என்று முடிவு கட்டும் முன் எந்த அலகு என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். உண்மையில் அது 9 ஆக, அதாவது குறைவாக, இருக்கலாம்.

வட பீகாரில், குறிப்பாகச் சமஸ்திபூர், முசாபர்பூர்ப் பக்கம், சுண்ணாம்பு மிகுந்த மண். போட்ட மணிச்சத்து கால்சியத்தோடு சேர்ந்து கெட்டிப்படும். அங்கே எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பது பெரிது. உருளைக்கிழங்கு தோண்டிய நிலம் இதற்கு நேர் எதிர். கிழங்குக்குக் கொட்டிய மணிச்சத்தும் தொழு உரமும் மிச்சம் இருக்கும். பரிசோதனை அதிகம் என்று காட்டினால் தயங்காமல் குறைக்கலாம்.

3. தேதிக்கு ஏற்ற ரகம்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஊரில் எல்லாரும் போடுவது எச்.டி. 2967. நல்ல ரகம்தான், ஆனால் உரிய காலத்தில் விதைக்க வெளியிடப்பட்டது. 140 நாளுக்கு மேல் வயலில் நிற்க விரும்பும். டிசம்பர் 15-இல் விதைத்தால் பால் பிடிக்கும் நேரத்தில் வெயிலில் மாட்டும். போன வருடம் பக்கத்து வயலில் நன்றாக வந்தது என்பது, அந்த வயல் எந்தத் தேதியில் விதைத்தது என்று தெரியும்வரை காரணமே ஆகாது.

தாமத விதைப்புக்கான ரகங்கள் 110 முதல் 120 நாளில் முடியும். கதிர் சீக்கிரம் தள்ளும், மணி வேகமாக நிரம்பும். உரிய காலத்தில் விதைத்தால் இவை நீண்டகால ரகத்தைவிடக் குறைவாகத்தான் தரும். எனவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று நவம்பர் 10-இல் இதைப் போடுவதும் நஷ்டம்.

வடகிழக்குச் சமவெளிக்கு, அதாவது கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்துக்கு: தாமத விதைப்புக்கு டி.பி.டபிள்யூ. 107, எச்.டி. 3118, எச்.ஐ. 1563. மிகத் தாமதத்துக்கு எச்.ஐ. 1621, எச்.டி. 3271.

பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்துக்கு: தாமதத்துக்குப் பி.பி.டபிள்யூ. 771, டி.பி.டபிள்யூ. 173, எச்.டி. 3059. மிகத் தாமதத்துக்கு எச்.டி. 3298, பி.பி.டபிள்யூ. 757. முசாபர்நகர், மீரட் பக்கம் கரும்பு வெட்டிய பிறகு விதைப்பவர்களுக்கு இந்தப் பட்டியல்தான். ஆலை எப்போது வெட்டு உத்தரவு தரும் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் விதைப்புத் தேதி.

மண்டலத்தை மாற்றிப் போடாதீர்கள். மேற்கில் மஞ்சள் துரு நோய் பெரிய எதிரி. கிழக்கில் பழுப்புத் துருவும் இலைக்கருகலும். நாள் கணக்கு ஒத்துப் போனாலும் நோய் எதிர்ப்பு ஒத்துப் போகாது. ஹரியானாவில் உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூட்டை என்றால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு இந்த ஆண்டு எது கிடைக்கும் என்பதை வேளாண் அறிவியல் மையத்தில் அக்டோபரிலேயே விசாரியுங்கள். பட்டியலில் முதலில் உள்ள ரகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சரியான கூடையில் உள்ள எந்த ரகமும், தவறான கூடையில் உள்ள சிறந்த ரகத்தைவிட மேல்.

4. விதை: அளவு, ஊறவைத்தல், நேர்த்தி

குளிரில் விதைத்த கோதுமைக்குத் தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட, நேரம் போதாது. நவம்பர் பயிர் தூரால் நிரப்பும் இடத்தைத் தாமதப் பயிர் செடி எண்ணிக்கையால்தான் நிரப்ப வேண்டும். ஆகவே ஏக்கருக்கு 40 கிலோ போடும் இடத்தில் 50 கிலோ. வரிசை இடைவெளியை 20 - 22 செ.மீ.யிலிருந்து 18 செ.மீ.க்குக் குறைக்க முடிந்தால் நல்லது. வாடகைக் கருவியில் பெரும்பாலும் அதை மாற்ற விடமாட்டார்கள். அதற்காகச் சண்டை போட்டு ஒரு நாளை இழக்க வேண்டாம்.

50 கிலோ என்பது 1000 மணி 40 கிராம் எடையும் 85 சதவீத முளைப்பும் உள்ள விதைக்கு. முளைப்பு 75 என்றால் 57 கிலோ ஆகும். மணி பெரியதாக, 1000-க்கு 45 கிராம் இருந்தால் 56 கிலோ. முளைப்புச் சோதனையை நவம்பரிலேயே செய்துவிடுங்கள். ஈரச் சாக்கில் 100 மணியை வரிசையாக வைத்துச் சுருட்டி வீட்டுக்குள் வைத்தால் போதும். டிசம்பர் குளிரில் செய்தால் முளைக்க நாளாகி, நல்ல விதையையும் கெட்டது என்று நினைத்துவிடுவோம்.

விதைப்புக்கு முதல் நாள் விதையை 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். குளிர் மண்ணில் முளை வெளிவருவது இதனால் முந்தும். உலர்ந்த பிறகு பூஞ்சாண மருந்து, கடைசியாக மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிரான பாஸ்போபாக்டீரியா. இந்த வரிசையை மாற்றினால் மருந்து தண்ணீரோடு போய்விடும். பாஸ்போபாக்டீரியா ஒரு துணை, அவ்வளவுதான். அதைப் போட்டோம் என்று உரத்தைக் குறைக்க வேண்டாம்.

5. மணிச்சத்து எவ்வளவு, எந்த உரத்தில்

தாமத விதைப்புக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 120:60:40 கிலோ. உரிய கால விதைப்பில் 150:60:40. நடு எண்ணைப் பாருங்கள். தழைச்சத்து குறைந்திருக்கிறது, மணிச்சத்து குறையவில்லை.

காரணம் வேரில் இருக்கிறது. மணிச்சத்து மண்ணில் நகர்வதே மில்லிமீட்டர் கணக்கில்தான். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியின் குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாக நீளும், சத்தின் நகர்வும் குறையும். அதே நேரத்தில்தான் செடி தூர் எத்தனை என்று முடிவு செய்கிறது. 'பயிர் சின்னது, உரமும் சின்னதாகப் போதும்' என்ற கணக்கு தழைச்சத்துக்குச் சரி. மணிச்சத்துக்கு அது தலைகீழ்.

மண் பரிசோதனை குறைவு என்றால் 60-ஐ 75 ஆக்குங்கள். அதிகம் என்றால் 45 போதும். நடுத்தரம் என்றால் அப்படியே.

இனி மூட்டைக் கணக்கு. 60 கிலோ எக்டருக்கு என்றால் ஏக்கருக்கு 24 கிலோ.

டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்): 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை. குறைவான மண்ணுக்கு 65 கிலோ, அதிகமுள்ள மண்ணுக்கு 40 கிலோ.

12:32:16 கலப்பு உரம்: ஒன்றரை மூட்டை, 75 கிலோ. மணி 24, தழை 9, சாம்பல் 12. பொட்டாஷ் தனியாக வாங்கத் தயங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான். தேவையான 16 கிலோ சாம்பல் சத்தில் முக்கால் பங்கு சேர்ந்தே வந்துவிடுகிறது.

சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்: மூன்று மூட்டை, 150 கிலோ. மணி 24 கிலோவோடு கந்தகம் ஏறக்குறைய 16 கிலோ. தழைச்சத்து கிடையாது. யூரியாவைச் சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள். ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்துவைத்தால் நீர் கோத்துப் பிசுபிசுத்துக் குழாயை அடைக்கும்.

20:20:0:13 கலப்பு உரம் (கடைசி எண் கந்தகம்): 120 கிலோ வேண்டும். மணிச்சத்துக்குப் போதும், ஆனால் விதை பக்கத்தில் இவ்வளவு உப்பு விழுவது எனக்குப் பிடிக்காது. வேறு எதுவும் இல்லாதபோது மட்டும்.

பாறை பாஸ்பேட் இங்கே உதவாது. அது அமில மண்ணில் கரையும் சரக்கு. கார அமில அளவு (pH) 8 உள்ள மண்ணில் அப்படியே கிடக்கும். இயற்கை உரக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்களைத் தடுங்கள். நானோ டி.ஏ.பி. புட்டியைப் பற்றியும் கேட்பார்கள். அரை லிட்டர் புட்டியில் 16 சதவீத மணிச்சத்து என்றால் 80 கிராம். மூட்டையில் 23 கிலோ. இலையில் தெளிக்கலாம், அடியுரத்துக்கு ஈடாக வைக்க முடியாது.

சீசனில் டி.ஏ.பி.க்கு வரிசை நிற்கும், கூடவே போலியும் வரும். பத்துப் பதினைந்து குருணையைக் கையில் எடுத்துக் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்து, அங்கே கைனி (வாயில் போடும் புகையிலை) கசக்குவது போலக் கசக்குங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் உள்ளே தழைச்சத்து இருக்கிறது. சூடான தட்டில் போட்டால் குருணை பொங்கிப் பெரிதாகும். இது முதல் கட்டச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான். சந்தேகம் நீடித்தால் மூட்டையைத் திறக்காமல் வேளாண் அலுவலரிடம் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

நில அளவில் ஒரு பொறி உண்டு. அங்கே ஏக்கர் என்று யாரும் பேசமாட்டார்கள். கட்டா, பீகா. பாட்னாப் பக்கம் கட்டா 1361 சதுர அடி, 20 கட்டா ஒரு பீகா, 32 கட்டா ஒரு ஏக்கர். வேறு மாவட்டத்தில் கட்டா வேறு அளவு. பாட்னாக் கணக்கில் கட்டாவுக்கு டி.ஏ.பி. 1.6 கிலோ. உங்கள் ஊர்க் கட்டா எத்தனை சதுர அடி என்று கேட்காமல் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.

6. கருவியை அளவு பார்த்து, விதைக்குக் கீழே போடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து இதில் கோட்டை விட்டால் மொத்தமும் வீண். "முதல்ல விதை விழட்டும் பாய், டி.ஏ.பி.யைத் தண்ணீர் கட்டும்போது தூவிக்கலாம்" என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கலாம். தண்ணீரில் கரைந்து இறங்குவது யூரியா. மணிச்சத்து மேல் மண்ணின் முதல் இரண்டு செ.மீ.யிலேயே பிடித்துக்கொள்ளும். வேர் அதற்குக் கீழே இருக்கும்.

விதை 4 முதல் 5 செ.மீ. ஆழம், உரம் அதைவிட 2 - 3 செ.மீ. கீழே அல்லது பக்கவாட்டில். உரப்பெட்டி உள்ள விதைப்புக் கருவி இதைத்தான் செய்கிறது. வரிசையில் பட்டையாக விழும்போது உரம் தொடும் மண் குறைவு, அதனால் கெட்டிப்படுவதும் குறைவு. முளைத்த முதல் வேரே அதில் இறங்கும்.

அளவு பார்க்கும் முறை: விதையை ஊறவைத்து உலர்த்திய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஊறிய விதை பருத்திருக்கும், காய்ந்த விதைக்கு வைத்த அளவு அதற்குப் பொருந்தாது. கருவியின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கயிற்றால் சக்கரத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9 கொழு (மண்ணைக் கீறும் முனை), இடைவெளி 20 செ.மீ. என்றால் அகலம் 1.8 மீட்டர். சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் 30 மீட்டர் ஓடியதற்குச் சமம், 54 சதுர மீட்டர், ஏக்கரில் 75-இல் ஒரு பங்கு. ஏக்கருக்கு 50 கிலோ வேண்டுமென்றால் இந்த 20 சுற்றில் 667 கிராம் விழ வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பை கட்டித் தனித்தனியாக எடை போடுங்கள். குழாய்க்கு 74 கிராம். ஒன்றில் 40, இன்னொன்றில் 100 என்றால் உள்ளே உருளை தேய்ந்திருக்கிறது அல்லது அடைப்பு இருக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும்.

ஈர நிலத்தில் சக்கரம் வழுக்கும், கணக்கைவிடக் குறைவாக விழும். 10 கட்டா முடிந்ததும் நிறுத்திப் பெட்டியைப் பாருங்கள். 15 கிலோவுக்குச் சற்று மேல் செலவாகியிருக்க வேண்டும்.

ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: டிராக்டர் நகரத் தொடங்கிய பிறகே கருவியை இறக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் கொழுவின் வாயில் மண் அடைத்து, அந்த வரிசை முழுக்க உரமில்லாமல் போகும். வெளியே பார்த்தால் தெரியாது. ஜனவரியில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குட்டையாக நிற்கும்போதுதான் தெரியும். மூடுபனிக் காலையில் டி.ஏ.பி. ஈரம் இழுத்துப் பெட்டிக்குள் கட்டியாகும். தேவையான அளவை மட்டும் கொட்டுங்கள், திருப்பத்தில் குழாயைத் தட்டிப் பாருங்கள், மாலையில் பெட்டியைக் காலி செய்து துடைத்துவிடுங்கள்.

உரப்பெட்டியில் யூரியா வேண்டாம். விதை அருகே விழும் யூரியா முளையைக் கருக்கும். துத்தநாக சல்பேட்டும் டி.ஏ.பி.யோடு சேரக் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடும். அது தேவைப்படும் நிலத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ, கடைசி உழவில் தனியாக. உழாத நிலம் என்றால் நெல்லுக்கே போட்டுவைப்பது எளிது.

கருவியே கிடைக்கவில்லை, கையால் தூவத்தான் வேண்டும் என்றால், டி.ஏ.பி.யைக் கடைசி உழவுக்கு முன் தூவி உழுது மண்ணுக்குள் தள்ளுங்கள். பிறகு விதை. விதை தூவிய பின் உரம் தூவுவது வேகமாக முடியும், ஆனால் உரம் மேலேயே கிடக்கும்.

7. முதல் தண்ணீரும் யூரியாவும்

நவம்பர் பயிருக்கு மூன்றாம் வாரத்தில் முதல் தண்ணீர். டிசம்பர் பயிருக்கு நான்காம் வாரம் வரை பொறுக்கலாம். நாளை எண்ணுவதைவிட ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். மண் மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே, தண்டு தடித்த இடத்தில், வெள்ளையாகத் தடித்த புது வேர் எட்டிப் பார்த்தால் அதுதான் நேரம். அதற்கு முன்னால் குளிர்ந்த மண்ணில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளாகி அப்படியே நிற்கும். தண்ணீர் இலேசாக, மறுநாள் தேங்காமல்.

ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டவருக்குப் பாக்கித் தழைச்சத்து 45 கிலோ யூரியா மூட்டையில் இரண்டு. விதைப்பின்போது கடைசி உழவில் 15 கிலோ, மீதியை முதல், இரண்டாம் தண்ணீருக்குச் சரிபாதியாகப் பிரியுங்கள். உழாத நிலம் என்றால் எல்லாமே இந்த இரண்டு தண்ணீருக்குத்தான். டிசம்பர் 25-க்கு மேல் விதைத்திருந்தால் மொத்தத் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம். தழை மிகுந்தால் பயிர் பச்சையாகவே நின்று முதிர்வு தள்ளும். நாம் நாளைச் சேமிக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்?

8. ஜனவரியில் பயிர் குட்டையாக நின்றால்

உடனே யூரியா வீச வேண்டாம், முதலில் அடி இலையைப் பாருங்கள். பழைய இலை நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தால் தழைச்சத்துக் குறை. இலை மங்கிய கரும்பச்சையாக, தண்டின் அடியிலும் பழைய இலை ஓரத்திலும் ஊதாச் சாயலோடு, தூர் இல்லாமல் ஒற்றைத் தண்டாக நின்றால் மணிச்சத்துக் குறை. வயல் முழுக்க ஒரே மாதிரி வெளிறி, தண்ணீர் விட்ட சில நாளில் வந்திருந்தால் அது ஈரம் தேங்கியதால். அதற்கு உரம் தேவையில்லை, வடிகால் போதும்.

மணிச்சத்தைத் தவறவிட்டது உறுதியானால் முழுப் பரிகாரம் கிடையாது. முதல் தண்ணீருக்கு முன் வரிசைகளுக்கு நடுவே கைக்களையால் கீறி டி.ஏ.பி.யை உள்ளே விட்டு மூடினால் ஓரளவு கிடைக்கும். சிறு நிலத்தில்தான் நடக்கும். 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இரவு முழுக்க ஊறவைத்து வடித்துத் தெளிப்பது இலைக்குக் கொஞ்சம் தெம்பு தரும், இழந்த தூரைத் திருப்பித் தராது. விவசாயியிடம் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிப்ரவரியில் இன்னும் இரண்டு மூட்டை வாங்கி வீசுவார்.

9. கதிர் வந்தபின் வெயிலைச் சமாளிப்பது

டிசம்பர் பாதியில் விதைத்த பயிர் மார்ச் முதல் பாதியில் கதிர் தள்ளும். கதிர் உறையில் இருக்கும்போது ஒரு முறையும் பூக்கும்போது ஒரு முறையும் 2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளிப்பு: 200 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ, ஓர் ஏக்கருக்கு. 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் நாடு முழுக்கக் கோதுமை மணி சுருங்கியதும், மே 13 அன்று ஏற்றுமதியே நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு இந்தச் செலவை வாதிட்டுப் புரியவைக்க வேண்டியதில்லை.

பால் பிடிக்கும் பருவத்தில் ஓர் இலேசான தண்ணீர் அவசியம். பச்சுவா அடிக்கும் பகலில் கட்டினால் பயிர் சாய்ந்துவிடும். காற்று அடங்கிய மாலையிலோ இரவிலோ கட்டச் சொல்லுங்கள்.

10. அடுத்த நெல்லுக்கு

கோதுமைக்கு முழு அளவு மணிச்சத்து போட்ட நிலத்தில், அடுத்து வரும் நெல்லுக்கு அதைப் போடாமல் விட்டுவிடலாம். முதல் பயிர் எடுப்பது போட்டதில் ஏறக்குறைய கால் பங்குக்குள்தான். மீதி மண்ணில் இருக்கும், நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது அதில் ஒரு பகுதி விடுபடும். நெல்லுக்குப் போட்டுக் கோதுமைக்குக் குறைப்பது பலர் செய்வது. அதை மாற்றிக் கோதுமைக்குப் போடுங்கள். ஜூனில் மிச்சமாகும் அந்த மூட்டைப் பணத்தில் சொர்ணாவுக்குப் பதிலாக 120 - 125 நாள் நெல் விதையை வாங்கினால், அடுத்த கோதுமை நவம்பரிலேயே மண்ணுக்குள் போகும். அப்போது மூன்றாம் படியில் உள்ள ரகப் பட்டியலையே மாற்ற வேண்டியிருக்கும்.